நானும் ஒரு சுகினாமிக்காரன்

2018ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு மனு எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்து, அதிகம் பேர் ஒத்துக்கொண்டது அந்த மனுவாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். ஓ.எம்.ஆர் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்துக்குப் பின்தெருவில், சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தில், மக்கும் குப்பையை உரமாக்கும் சின்ன மையம் ஒன்று வரப்போகிறது என்று செய்தி கசிந்தது. நான்கைந்து சிமெண்ட் தொட்டிகள், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். அசோசியேஷன் செகரட்டரி அங்கிள் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பினார்: "தம்பி, நீங்க ஐடில இருக்கீங்க. நல்ல இங்கிலீஷ்ல ஆன்லைன் பெட்டிஷன் ஒண்ணு போட்டு விட்டுருங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்." போட்டுவிட்டேன். துர்நாற்றம், கொசு, குழந்தைகளின் ஆரோக்கியம், நிலத்தடி நீர் என்று நான்கு தலைப்புகள். வீட்டு விலை குறைந்துவிடும் என்ற ஐந்தாவது தலைப்பை மட்டும் நாகரிகம் கருதி விட்டுவிட்டேன். இரண்டு நாளில் இருநூறு சொச்சம் கையெழுத்து. மையம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. குரூப்பில் கைதட்டல் ஸ்டிக்கர்கள் பறந்தன. அது எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் ஆன்சைட் வேலையாக மூன்று மாதம் டோக்கியோ. தமிழ் இன்ஜினியர்கள் வழக்கமாக ஒதுங்கும் நிஷிகசாய் பகுதியில்தான் அறை. போன முதல் வாரமே நான் வெளியே வைத்த குப்பைப் பை மட்டும் எடுக்கப்படாமல், மேலே ஒரு ஸ்டிக்கருடன் அப்படியே கிடந்தது. எரியும் குப்பைக்கான நாளில் எரியாத குப்பையை வைத்துவிட்டேன். எரிவதற்கு வாரத்தில் இரண்டு நாள், பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தனி நாள், பேப்பருக்கு ஒரு நாள், கண்ணாடிக்கு ஒரு நாள். பை உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். என் வாழைப்பழத் தோலும் மேகி பாக்கெட்டும் ஊரே பார்க்க நின்றன. ஆபீசில் சொன்னதும் நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஜப்பான்காரன் டிசிப்ளினே தனி பாஸ், அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ரத்தத்தில் எல்லாம் இல்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியவந்தது. பக்கத்தில் எங்காவது போகலாம் என்று யுமெனோஷிமா பூங்காவுக்குப் போனேன். யுமெனோஷிமா என்றால் கனவுத் தீவு. பெரிய கண்ணாடிக் குவிமாடங்களுக்குள் வெப்பமண்டலத் தாவரங்கள். பனையையும் வாழையையும் காசு கொடுத்துப் பார்க்கவேண்டியிருப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்தக் குளிர் ஊரில் இந்த வாழைக்கு வெப்பம் எங்கிருந்து? பக்கத்திலிருக்கும் குப்பை எரிஉலையிலிருந்து வெந்நீர் குழாய் வழியாக வருகிறது. பூங்காவின் இன்னொரு மூலையில் ஒரு மீன்பிடிக் கப்பலைக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் விழுந்த படகு அது. இருபத்து மூன்று மீனவர்கள் அதில் இருந்தார்கள். இத்தனை பெரிய வரலாற்றுப் பொருள் இங்கே எப்படி வந்தது என்று பார்த்தால், கண்காட்சிக்காகக் கொண்டுவரவில்லை. குப்பையாகத்தான் வந்தது. 1967இல் காலாவதியான படகை இங்கே கொண்டுவந்து போட்டார்கள், அதைக் காப்பாற்ற ஒரு இயக்கமே நடத்தி 1976இல் கூடம் திறந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்த தரை முழுவதுமே டோக்கியோவின் குப்பை.

இந்தத் தீவு இருப்பது கோதோ என்ற வட்டாரத்தில். டோக்கியோவின் மையம் இருபத்து மூன்று வட்டாரங்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம். கோதோ கிழக்கே, கடலோரம், ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. தாழ்ந்த நிலம், பட்டறைகள், மரக்கிடங்குகள், கூலிக்காரர்கள். நம் ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால் அவர்களுடைய வடசென்னை. 1655இல் எடோ அரசு, கால்வாய்களில் குப்பை கொட்டக்கூடாது, படகில் ஏற்றிக்கொண்டுபோய் எய்தாய்ஜிமா என்ற இடத்தில் கொட்டவேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த எய்தாய்ஜிமா இன்றைய கோதோவுக்குள்தான் இருக்கிறது. அதாவது முந்நூறு வருடங்களுக்கும் மேலாக ஒரு நகரத்தின் குப்பை ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலம் நகர்ந்ததே தவிர, திசை மாறவில்லை.

போருக்குப் பின் டோக்கியோ வீங்கியது. பொருளாதாரம் ஏறஏற வீட்டுக் குப்பையும் ஏறியது. எரிஉலைகள் போதவில்லை. யுமெனோஷிமாவில் 1957இல் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். சமைத்த மிச்சமும் மீன் கழிவும் அப்படியே பச்சையாக. 1965 கோடையில் அங்கிருந்து ஈக்கள் கிளம்பிக் கரையோரக் குடியிருப்புகளை மூடின. மருந்து அடித்துப் பார்த்தார்கள், ஈக்கள் பழகிக்கொண்டன. கடைசியில் ராணுவத்தின் தற்காப்புப் படையினரும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து, எண்ணெய் ஊற்றித் தீவையே கொளுத்தினார்கள். ஒலிம்பிக் நடத்தி முடித்த அடுத்த வருடம் இது. 1964 ஒலிம்பிக்கின் புல்லட் ரயில் படங்களைப் பார்த்திருக்கிறேன், எரியும் கனவுத் தீவை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

1967இல் அந்தத் தீவு நிரம்பியது. பக்கத்தில் அடுத்த தீவு தயாராக இருந்தது, அதுவும் கோதோ பக்கம்தான். டோக்கியோவின் குப்பையில் ஏறக்குறைய 70 சதவீதம் கோதோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 5000 லாரிகள். ஒழுகிக்கொண்டு, நாறிக்கொண்டு, அவர்கள் பள்ளிக்கூடங்களைத் தாண்டி. 1971இல் நகர நிர்வாகம் குப்பைக்கடங்கை இன்னும் சில வருடங்களுக்கு நீட்டிக்கவேண்டும் என்று கேட்டபோது கோதோ மன்றம் முடியாது என்றது. மறுத்ததோடு நிற்காமல், மற்ற இருபத்திரண்டு வட்டாரங்களுக்கும் ஒரு பகிரங்கக் கேள்விக் கடிதம் அனுப்பியது. உங்கள் குப்பையை உங்கள் எல்லைக்குள்ளேயே முடித்துக்கொள்ள என்ன செய்யப்போகிறீர்கள்? எழுத்தில் பதில் சொல்லுங்கள். அந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பாதிக்கப்பட்டவர் கோரிக்கை மனு கொடுப்பதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். இவர்கள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி. பொருளாதாரப் பேராசிரியர், தொலைக்காட்சியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துப் பிரபலமானவர், இடதுசாரிகளின் ஆதரவோடு 1967இல் ஜெயித்தவர். 1971 செப்டம்பர் 28 அன்று மன்றத்தில் அவர் 'குப்பைப் போர்' என்று அறிவித்தார். குப்பை நகரத்தையே விழுங்கிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு வட்டாரமும் தன் குப்பையைத் தானே எரித்தாகவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? நியாயம் சிக்கிக்கொண்ட இடம் சுகினாமி.

சுகினாமி மேற்கே இருக்கிறது. மேட்டு நிலம், மரங்கள் அடர்ந்த தெருக்கள், படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். 1966இலேயே அங்கே தகாஇதோ என்ற இடத்தில் எரிஉலை கட்டுவதாக நகரம் அறிவித்திருந்தது. நிலத்துக்காரர்களும் குடியிருப்போரும் சேர்ந்து எதிர்த்தார்கள். கலந்து பேசாமல் அறிவித்துவிட்டார்கள், குழந்தைகளின் ஆரோக்கியம், புகை, காற்று, லாரி நெரிசல். அந்தக் காரணப் பட்டியலைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. கிட்டத்தட்ட என் நான்கு தலைப்புகள்தான். அவர்கள் ஜப்பானிய மொழியில், எனக்கு ஐம்பது வருடம் முன்னால் எழுதியிருக்கிறார்கள்.

வேலை நகரவே இல்லை. கோதோ பொறுத்துப் பார்த்தது. 1973 மே மாதம் சுகினாமியில் மறுபடி பேச்சு முறிந்ததும், கோதோவின் மேயர் கொமத்சுசாகி குன்ஜி தன் மன்ற உறுப்பினர்களோடு சாலையில் இறங்கினார். குப்பைத்தீவின் வாசலில் நின்று வரும் லாரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி எந்த வட்டாரம் என்று கேட்டார்கள். சுகினாமி லாரி என்றால் திரும்பிப் போ. ஒரு மேயரே நின்று செக்போஸ்ட் போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். சுகினாமியின் மரம் அடர்ந்த தெருக்களில் குப்பை தேங்கியது. குப்பை எங்கேயோ போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த 'எங்கேயோ'வில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது அப்போதுதான்.

1974இல் நீதிமன்றத்தின் மூலம் சமரசம் ஆனது. எரிஉலை 1982இல் தயாரானது. உலையின் வடிவமைப்பிலும் கண்காணிப்பிலும் குடியிருப்போருக்குப் பங்கு கிடைத்தது, உலையின் வெப்பத்தில் இயங்கும் வெந்நீர் நீச்சல்குளம் ஒன்றும் வந்தது. அதன்பிறகு இருபது சொச்சம் எரிஉலைகள் டோக்கியோவின் நடுவிலேயே முளைத்தன. இகெபுகுரோ ரயில் நிலையத்தை ஒட்டி 210 மீட்டர் புகைபோக்கியோடு ஒன்று நிற்கிறது. என் பையில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு வருவோம். குப்பையைப் பிரிக்கும் ஒழுக்கம் ஜப்பானியர் பிறக்கும்போதே கொண்டுவந்ததில்லை. கொட்ட இடம் இல்லாமல், பக்கத்து ஊர்க்காரன் வழிமறித்து, பத்து வருடம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது.

கதையை இங்கேயே முடித்தால் நன்றாக இருக்கும்தான். ஆனால் சுகினாமிக்காரர்கள் பயந்தது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1996இல் அதே சுகினாமியில் எரியாத குப்பையை அழுத்திச் சிறிதாக்கி லாரி மாற்றும் நிலையம் ஒன்று திறந்தார்கள். சுற்றியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத்திணறல். நிர்வாகம் வருடக்கணக்கில் மறுத்தது. 2002இல் தேசியச் சுற்றுச்சூழல் தகராறு ஆணையம், திறந்த புதிதில் வந்த நோய்களுக்கு நிலையமே காரணம் என்று ஒப்புக்கொண்டது. 'சுகினாமி நோய்' என்றே அதற்குப் பெயர். எரிஉலைகளிலிருந்து வந்த டயாக்சின் பற்றிய பயம் நாடு முழுக்கப் பரவி, 1999இல் தனிச் சட்டமே கொண்டுவரவேண்டியிருந்தது. ஆக, எதிர்த்தவர்களை எல்லாம் சுயநலக்காரர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. இடம் பிடிக்காமல் எதிர்ப்பது ஒன்று, தொழில்நுட்பத்தை நம்பாமல் எதிர்ப்பது வேறொன்று. என் மனுவில் இரண்டையும் கலந்திருந்தேன். உரத்தொட்டியிலிருந்து டயாக்சின் வராது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நான் அங்கே இருந்த வருடமே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எரித்த சாம்பல் இன்றும் டோக்கியோ விரிகுடாவில்தான் கொட்டப்படுகிறது. அப்படி உருவான ஒரு குப்பைத்தீவு யாருக்குச் சொந்தம் என்று கோதோவும், பக்கத்து வட்டாரமான ஓதாவும் வழக்காடிக்கொண்டிருந்தன. கோதோவின் வாதம், இத்தனை வருடம் நாற்றத்தைத் தாங்கியது நாங்கள். ஓதாவின் வாதம், அந்தக் கடலில் பாசி வளர்த்தது எங்கள் மீனவர்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: கோதோவுக்கு ஐந்தில் நான்கு பங்கு, ஓதாவுக்கு ஒரு பங்கு சொச்சம். யாருக்கும் வேண்டாம் என்று தள்ளிய இடம், ஒலிம்பிக் படகுப்போட்டி வரும் என்றதும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியபிறகு இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. மற்ற நகரங்கள் வளரும்போது என்ன செய்தன என்று தேடித்தேடிப் படித்தேன். முதலில் பிடிபட்டது, குப்பை எப்போதும் இப்படி யாருக்கும் வேண்டாத பொருளாக இருக்கவில்லை என்பது. குப்பை என்ற சொல்லுக்கே பழைய பொருள் குவியல்தான். சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்று ஒரு ஊரே இருக்கிறது. என் பாட்டி வீட்டுப் பின்புறம் எருக்குழி இருந்தது. சாணி, சாம்பல், சருகு எல்லாம் அதில் விழும். சித்திரையில் மாட்டுவண்டியில் அள்ளிக்கொண்டு வயலுக்குப் போகும். உடைந்த ஈயப் பாத்திரத்துக்குப் பேரீச்சம்பழம் தரும் ஆள் வந்து மீதியை எடுத்துக்கொண்டு போவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனும் அப்படித்தான் இருந்தது. வீட்டு அடுப்புகளின் நிலக்கரிச் சாம்பல் செங்கல் சூளைக்குத் தேவைப்பட்டது. அதனால் சாம்பலை அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் நகரத்துக்குப் பணம் கட்டிக் குப்பையை வாங்கினார்கள். டிக்கன்ஸின் 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலில் ஒரு சொத்துத் தகராறே குப்பைமேட்டைச் சுற்றித்தான். நகரம் பெருத்ததும் குப்பை தேவையை மீறிப்போனது. பிறகு ஒப்பந்தக்காரர்கள் அள்ளுவதற்குப் பணம் கேட்க ஆரம்பித்தார்கள். பணம் போகும் திசை திரும்பிய அந்தக் கணத்தில்தான் நவீன நகரத்தின் குப்பைப் பிரச்சினை தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பாரிஸில் 1883 நவம்பரில் யூஜேன் புபேல் என்ற அதிகாரி, ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் மூடிபோட்ட தொட்டி வைக்கவேண்டும் என்று ஆணையிட்டார். மக்கும் குப்பைக்கு ஒன்று, காகிதம் கந்தலுக்கு ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. 1883இல்! நம்முடைய பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் புதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு உரிமையாளர்கள் செலவு என்று கத்தினார்கள், பத்திரிகைகள் கிண்டலாகத் தொட்டிக்கு அவர் பெயரையே வைத்தன, இன்றும் பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் புபேல்தான். ஆனால் உண்மையாக நஷ்டப்பட்டவர்கள் வேறு. தெருவில் கொட்டிய குப்பையைக் கிளறிக் கந்தலும் எலும்பும் பொறுக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு, மூடிபோட்ட தொட்டி என்பது பூட்டிய கடை. போராடிச் சில சலுகைகள் வாங்கினார்கள், மெல்ல நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். சுத்தம் என்று எந்த ஊரில் ஒரு திட்டம் வந்தாலும் யாருடைய சோறு போகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது. கெய்ரோவில் வீடுவீடாகக் குப்பை எடுத்து, மக்குவதைப் பன்றிகளுக்குப் போட்டு வாழ்ந்த ஸப்பாலீன் சமூகத்துக்கும் இதே கதைதான். 2003 வாக்கில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் போனது, 2009இல் பன்றிக்காய்ச்சல் பீதியில் அரசு அவர்களுடைய பன்றிகளை எல்லாம் கொன்றது. அதன்பின் கெய்ரோ தெருக்களில் அழுகும் குப்பை மலிந்தது.

நியூயார்க்கை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். 1895இல் அங்கே தெருத்துப்புரவுத் துறைக்குத் தலைவராக வந்தவர் கர்னல் ஜார்ஜ் வேரிங். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், வடிகால் பொறியாளர். அவருக்கு முன்னால் அந்த வேலை ஆளும்கட்சித் தொண்டர்களுக்குக் கொடுக்கும் வெகுமதியாக இருந்தது. தெருக்களில் குதிரைச் சாணி முழங்கால் அளவுக்குக் கிடக்கும். வேரிங் ஊழியர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். சாணி அள்ளுகிறவனுக்கு வெள்ளை உடையா என்று ஊர் சிரித்தது. மருத்துவரைப் போல இவரும் நோயைத் தடுப்பவர் என்பது அவர் காட்ட நினைத்தது. வேலை செய்யாமல் ஒதுங்கினால் தூரத்திலிருந்தே தெரியும் என்பதும் உள்ளூர ஒரு கணக்கு. 1896இல் அந்த ஊழியர்களை வைத்து ஐந்தாம் அவென்யூவில் அணிவகுப்பு நடத்தினார். கேலி செய்ய வந்த கூட்டம் கைதட்டியது. சாம்பல், உணவுக்கழிவு, உலர்குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கவும் வைத்தார். மூன்றே வருடம். ஆட்சி மாறியது, வேரிங் போனார். 1898இல் ஹவானாவின் சுகாதாரத்தை ஆய்வு செய்யப் போய், மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். நோய் அழுக்கின் ஆவியிலிருந்து வருகிறது என்று கடைசிவரை நம்பியவரைக் கொசு கொன்றது.

பிரித்து வாங்குவது சில பத்தாண்டுகளில் மறைந்துபோனது. நியூயார்க் குப்பையைக் கடலில் கொட்டியது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் கடற்கரைகளில் அது ஒதுங்க, உச்சநீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். பிறகு 1948இல் ஸ்டேட்டன் தீவில் ஃப்ரெஷ் கில்ஸ் என்ற சதுப்புநிலத்தில் கொட்ட ஆரம்பித்தார்கள். தற்காலிகம், மூன்று வருடத்துக்குத்தான் என்றார்கள். 2001 மார்ச்சில் மூடினார்கள். ஐம்பத்து மூன்று வருடம். எங்கள் தொழிலில் இது சர்வசாதாரணம்: 'டெம்பரரி ஃபிக்ஸ், அடுத்த ரிலீஸில் சரிசெய்யவும்' என்று எவனோ 2009இல் கோடில் எழுதிவிட்டுப் போயிருப்பான், அது இன்றைக்கும் புரொடக்ஷனில் ஓடும். சதுப்புநிலம் என்றால் வெற்று நிலம் என்று கருதுவதும் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

பள்ளிக்கரணையைச் சொல்கிறேன். ஒருகாலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு அது. தென்சென்னையின் மழைநீர் எல்லாம் வந்து தங்கும் தாம்பாளம். 1980களில் அதன் ஓரத்தில் பெருங்குடி குப்பைக்கிடங்கு தொடங்கியது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. 2011இல் நகர எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோதும் கிடங்குகள் அதே இரண்டுதான். நகரம் ஐடி கம்பெனிகளோடு வளர்ந்து குப்பைமேட்டைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது; பிறகு நாற்றம் அடிக்கிறதே என்று மூக்கைப் பொத்தியது. அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் பதினோராவது மாடியில் என் இருக்கை. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடி பற்றிக்கொண்டது. நாட்கணக்கில் புகைந்தது. கொரோனா முடிந்து அப்போதுதான் ஆபீஸ் வரச் சொல்லியிருந்தார்கள். மறுபடி வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று மெயில் வந்தது. வீட்டிலும் அதே புகை. பால்கனிக் கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிவதில் என் குப்பை எத்தனை கிலோ என்று மனம் கணக்குப் போட்டது. பத்து வருடம், தினம் முக்கால் கிலோ என்றாலும் இரண்டரை டன்னுக்கு மேல்.

அந்தப் புகை சீக்கிரம் கலைந்துவிட்டது. கொழும்பில் அப்படி இல்லை. ப்ளூமெண்டால் குப்பைமேட்டை 2009இல் மூடச்சொன்னதும், அந்தக் குப்பை மீதொட்டமுல்லைக்குத் திரும்பியது. அங்கே இருந்தவர்கள் எதிர்த்துப் போராடிக்கொண்டேதான் இருந்தார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். ஓரிடத்தில் ஜெயித்த போராட்டத்தின் குப்பை இன்னோரிடத்தில் போய் விழும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான சாட்சி எனக்குத் தெரியாது.

பெருங்குடியில் இப்போது 225 ஏக்கரில் கிடந்த பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து எடுக்கிறார்கள். பயோமைனிங். நல்ல வேலை, மறுக்கவில்லை. பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் எரிஉலை வரப்போகும் இடம் எது என்று பாருங்கள்: கொடுங்கையூர். ஏற்கனவே அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் உரத்தொழிற்சாலையும் சூழ்ந்த வடசென்னை. 2025இல் அங்குள்ள மக்கள் கைகோத்து மனிதச்சங்கிலி நின்றார்கள். அவர்கள் சுகினாமி இல்லை, கோதோ. இரண்டுமே எரிஉலையை எதிர்ப்பதுபோலத் தெரியும். செய்தியில் ஒரே வரியில் 'பகுதி மக்கள் எதிர்ப்பு' என்று போட்டுவிடுவார்கள். நகரத்தின் எல்லாத் திசையிலும் உலை வைத்து, அதில் ஒன்று கொடுங்கையூர் என்றால் பேச்சு வேறு. அண்ணாநகரிலோ அடையாறிலோ ஒரு சின்ன உலை வைக்கலாமா என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும். அன்றைக்கு எத்தனை நல்ல இங்கிலீஷ் மனுக்கள் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒப்பிடும்போது ஒரு இடத்தில் மட்டும் எல்லா ஒப்பீடும் கால் இடறுகிறது. டோக்கியோவில் கேள்வி எந்த வட்டாரம் என்பது. நம்மிடம் அதற்கு முன்னாலேயே எந்தச் சாதி என்று முடிவாகிவிடுகிறது. வேரிங்கின் வெள்ளைச் சீருடையை இங்கே யாருக்குப் போட்டுவிட்டாலும் அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். அமெரிக்காவிலும் நிறம் இருந்தது. இதே வேரிங் 1880இல் பாதாளச் சாக்கடை வடிவமைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர் மெம்ஃபிஸ். அதே மெம்ஃபிஸில் 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்புறம் ஏறிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களை அழுத்தும் இயந்திரம் நசுக்கியது. 1300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள்; 'நானும் மனிதன்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். பள்ளிக்கூடத்தில் கிங் சுடப்பட்டதைப் படித்தேன், அவர் குப்பைத் தொழிலாளர்களுக்காக வந்திருந்தார் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்று நாள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. சென்னையில் இது புதிதில்லை. 2000இலேயே சில மண்டலங்கள் ஓனிக்ஸ் என்ற கம்பெனிக்குப் போயின. அந்தக் கம்பெனி போய்ப் பல வருடம் ஆகியும் எங்கள் தெருவில் பழைய ஆட்கள் குப்பை வண்டியை 'ஓனிக்ஸ் வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். வண்டிக்குப் பெயர் நினைவிருக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு?

எங்கள் பிளாக்குக்குப் பேட்டரி வண்டியில் வரும் அக்காவிடம் நானும் எட்டு வருடம் பெயர் கேட்டதில்லை. கேட்டதும் சிரித்தார். அந்த உர மையம் கடைசியில் எங்கே போனது என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். "அதுவா சார், எங்க வாரியக் குடியிருப்பு பக்கத்துலதான் போட்டாங்க. முத ஒரு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆளு போடல, தொட்டி ரொம்பி புழு வந்துருச்சு. இப்ப சும்மா பூட்டிக் கிடக்கு." கொஞ்சம் நிறுத்தி, "உங்க தெருவுல வர்றதா இருந்துச்சாமே, இடம் பத்தலன்னு சொன்னாங்க" என்றார். இடம் பத்தவில்லை என்று நான் மனுவில் எழுதவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

2016ஆம் வருட விதிகளின்படி, 5000 சதுர மீட்டருக்கு மேலான அடுக்ககங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவேண்டியிருந்தது. கோதோ கேட்டதும் அதுதான். போன மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் இதை எடுத்தேன். தொட்டிகள் வைக்க நிழலான இடமாக இரண்டு கார் நிறுத்துமிடம் தேவை. செகரட்டரி அங்கிள், "தம்பி, நீங்கதானே அன்னிக்கு வேண்டாம்னு எழுதுனீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நியாயமான கேள்வி. வாட்ஸப்பில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 41 ஆதரவு, 63 எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் துர்நாற்றம், கொசு, குழந்தைகள் என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஒருவர் என்னுடைய பழைய மனுவின் லிங்கையே போட்டிருந்தார்.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. என் கார் நிற்கும் இடத்தைத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு இடம் வேண்டும்.